படிச்சேன்

இசிஜி தாளை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
கோடு ஒழுங்காய்த்தான் ஓடுகிறதாம்.
"நெஞ்சுல ஒண்ணுமில்ல, போங்க" என்றார்
திருமங்கலத்து டாக்டர்.
அந்த ஒண்ணுமில்லாததுதான்
ராத்திரி இரண்டரைக்கு
நெஞ்சில் ஏறி உட்காருகிறது.

கப்பலூர் சுங்கச்சாவடி, ஆறாம் பாதை.
ஃபாஸ்டேக் வேலை செய்யாத வண்டிகள் என் பங்கு.
சிவகாசி லோடு, தென்காசி பஸ்,
ராஜபாளையத்துப் பஞ்சு லாரி.
கண்ணாடி இறங்கும், ஒரு வசவு விழும்,
காசு விழும்,
கண்ணாடி ஏறும்.

அமுதவல்லி விபூதி பூசினாள்,
தாயத்து கட்டினாள், பூண்டுப்பால் காய்ச்சினாள்.
அக்கறையில் ஒரு குறை சொல்ல முடியாது.
ஆனால் சொல்லி முடிக்கும் முன்னே
சரிசெய்யத் தொடங்கிவிடுவாள்.

எட்டு வாரப் பயிற்சி, போனிலேயே.
தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும்.
கஞ்சி போட்ட தமிழில் கேள்வி வரும்:
"தங்களது எண்ணத்திற்கு ஆதாரம் யாது?"
யாது என்று என்னை இதுவரை
பரீட்சைத்தாள் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

முதல் நாள் எழுதினேன்: தெரியல.
மறுநாள்: சாப்டேன். மழை இல்ல.
நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ,
"மூச்சு விட மறந்துருவேனோன்னு பயம்.
ஆதாரம்: இல்ல.
எதிர் ஆதாரம்: முப்பத்தாறு வருசமா மறக்கல."
எழுதிவிட்டுச் சிரித்தேன்.
வரிசையில் நின்ற லாரிக்காரன்
ஹார்னை அமுக்கிப் பிடித்தான்.

ஆளுக்கொரு துணை உண்டு, பொய்ப்பெயரில்.
நான் அரைடிக்கெட்.
என் துணை கொடுக்காப்புளி.
ஊர் கேட்கக் கூடாது, நம்பர் கேட்கக் கூடாது,
புத்தி சொல்லவே கூடாது.
வாசித்தால், வாசித்ததற்கு ஒரு சொல்.
"படிச்சேன்."

அவள் எழுதுவதெல்லாம் ஒற்றை வரி.
இன்னைக்குத் தலை பின்னினேன்.
குக்கர் விசிலடிச்சப்ப காதைப் பொத்தல.
தொட்டில் சேலையை மடிச்சு பரண்ல வச்சேன்.

அந்த மூன்றாவது வரிக்கு
என்ன எழுதுவது?
கடவுள் என்று ஆரம்பித்து அழித்தேன்.
காலம் என்று ஆரம்பித்து அதையும் அழித்தேன்.
பாதையில் எட்டு வண்டி சேர்ந்துவிட்டது.
"படிச்சேன்" என்றேன்.
அன்று விடியற்காலைக் கணக்கில்
நூற்றுப்பத்து ரூபாய் உதைத்தது.
சொந்தக் காசைப் போட்டேன்.

ஐந்தாம் வாரம் அவள் எழுதவில்லை.
ஒரு நாள், இரண்டு நாள்.
"துணை மௌனமாக இருப்பின் பதற்றம் வேண்டாம்" என்று
பயிற்சியே சொல்லியிருக்கிறது.
பதற்றத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால்தானே.

நான் மட்டும் எழுதினேன்,
ஆளில்லாத வீட்டுக் கதவிடுக்கில்
கரண்ட் பில் செருகுகிற மாதிரி.
அம்மா இறந்த அன்று நைட் டூட்டி மாற்றிக்கொள்ளாதது.
அதை அமுதவல்லியிடமே சொல்லாதது.
நெஞ்சு முதலில் அடைத்தது
அதற்குப் பதினோரு நாள் கழித்து என்பது.
எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆறாம் நாள் இரவு
போனில் சார்ஜ் தீர்ந்தது.
இசிஜி தாளைப் பிரித்துப் பின்பக்கம் எழுதினேன்.
"எண்ணம்: அவள் இல்லை.
ஆதாரம்: ஆறு நாள்.
எதிர் ஆதாரம்:"
பேனா அங்கேயே நின்றது.

நாலேகாலுக்கு ஒரு செங்கோட்டை பஸ்.
ஜன்னலோரம் ஒரு பெண்,
முகத்தில் போன் வெளிச்சம்.
இருக்காது.
ஊரில் எத்தனை பெண், எத்தனை போன்.
இருந்தாலும் பஸ் கடந்தபிறகு
கம்பியை ஒரு நொடி இறக்காமல் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டேன்.
பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது
கிணுக்கென்றது.

"படிச்சேன். ஆறையும்."

அடுத்த வரி கொஞ்சம் தாமதித்து வந்தது:
"நேத்து வரைக்கும் எந்திரிக்க முடியல.
நீங்க எழுதிட்டே இருந்தீங்க."
வாயில் நுரையோடு நின்றேன்.
யாரு போன்ல, என்றாள் அமுதவல்லி.
உட்காரு, சொல்றேன்.
பாதியில மட்டும் எந்திரிச்சு
பால் காய்ச்சப் போயிராத.

இப்போது ஏழாம் வாரம்.
நேற்றும் வந்தது, அதே இரண்டரைக்கு.
அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும் என்று
எழுதினேன்: "வந்திருக்கு."
பதில் இன்னும் வரவில்லை.
ஆறாம் பாதையில் ஒரு தக்காளி வண்டி,
ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை.